சாமித்தம்பியின் காருக்குப் பிடித்த சளி

சாமித்தம்பி காரைப் பூட்டிவிட்டு நாலடி நடந்தால் ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். செத்த வீட்டு வாசலென்றாலும் சரி, களுவாஞ்சிக்குடிச் சந்தையென்றாலும் சரி, அந்தப் பார்வை தவறாது. யாரும் அதில் சாய்ந்து நிற்கிறார்களா, காகம் ஏதும் செய்துவிட்டதா, நாய் டயரை மோந்து பார்க்கிறதா என்று கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் மனிதர் முகத்தைப் பார்ப்பார்.

அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளைக்கு இது பழகிப்போன வயிற்றெரிச்சல்.

"கட்டாருக்குப் போகக்குள்ள எயாப்போட்டுல என்னைய ஒருக்காக் கிறுகிப் பாக்காத மனிசன்," என்பாள். "இந்தத் தகரத்த மட்டும் கிறுகிக் கிறுகிப் பாக்காரு."

"நீ எங்க போகப்போறாய்? காரத்தான் ஆரும் கீறிப்போடுவானுகள்," என்பார் அவர்.

கட்டாரில் அவர் ஓட்டியதெல்லாம் பிறத்தியாருடைய லொறி. முதலாளி ஏறு என்றால் ஏறி, இறங்கு என்றால் இறங்கி, தலைமயிர் நரைத்த பிறகு ஊருக்கு வந்து இந்த வெள்ளைக் காரை வாங்கினார். பழைய யப்பான் கார்தான். ஆனால் தேற்றாத்தீவில் அவரை அதற்குப் பிறகு எவரும் 'டிறைவர்' என்று கூப்பிடவில்லை, 'கார்க்காரர்' என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்க அவர் வேண்டுமென்றே கடைத்தெருவால் சுற்றி வருவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது பொய் என்று இலட்சுமிப்பிள்ளை எவரிடமும் சொன்னதில்லை.

கலியாணச் சீசனில் வருகிற வாடகை ஹயர் ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் இராது. நம்பியிருப்பது வந்தாறுமூலைப் பயணத்தைத்தான். பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிற நாலு பேரைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய், பின்னேரம் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவர்களில் முன் இருக்கைக்காரி கஜானி. அலுவலகத்தில் கணக்கு வேலை. காரில் வாய் வேலை. காருக்குள் கடலை தின்னக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, ஈரக் குடையை மடியில்தான் வைக்க வேண்டும் என்ற சாமித்தம்பியின் சட்டங்களை முதலில் மீறுகிறவளும் அவள்தான்.

அந்தச் சின்ன மஞ்சள் விளக்கை முதலில் கண்டதும் அவள்தான். மீற்றர் பெட்டியில் எஞ்சின் படம் போட்ட விளக்கு. கார் ஓடினால் அது எரியக் கூடாது. எரிந்தது. சாமித்தம்பி செய்த முதல் வைத்தியம், அதன் மேல் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரை ஒட்டியது.

"மாமா, புள்ளையாருக்குப் பின்னால என்ன மஞ்சளா எரியுது?"

"அது ஒளிவட்டம், மகள்."

"ஓ. எஞ்சின நிப்பாட்டினா ஒளிவட்டமும் நிக்குமா?"

சாமித்தம்பி கல்லடிப் பாலம் முடியும்வரை ஹோர்னை அடித்துக்கொண்டே போனார்.

ஒளிவட்டத்தோடு இன்னும் பல மாதம் ஓடியிருப்பார். ஆனால் ஆண்டுக்கொருதரம் வாகன லைசன் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைச் சோதனையில் தேற வேண்டும். சோதிக்கிற பெடியன் சைலன்சருக்குள் ஒரு கம்பியை விட்டு, எஞ்சினை உறுமச் சொல்லி, திரையைப் பார்த்துவிட்டு, "ஐயா, பெயில்," என்றான்.

"புகையே வரல்லையே மகன்! வெள்ளைச் சேட்டோட பின்னால நிண்டு பாரு, ஒரு கறுப்புப் படாது."

"இது கண்ணுக்குத் தெரியாத புகை ஐயா. பெற்றோல் கூடுதலா எரியுது."

வீட்டுக்கு வந்து அதை மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "கண்ணுக்குத் தெரியாத புகையாம். அப்ப கண்ணுக்குத் தெரியாத லைசன் ஒண்டு தருவானுகளா?"

தெருவோரக் கறாஜ் ஒன்றில் காட்டினார். அவர்கள் ஒரு கருவியைக் கொழுவிப் பார்த்து, "ஒக்சிஜன் சென்சர்" என்று சொல்லி, அதைக் கழற்றி வேறொன்று பூட்டி, விளக்கையும் அணைத்துவிட்டார்கள். சாமித்தம்பி பழைய சென்சரைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தார். அடுத்த நாள் ஏறாவூர் தாண்டுவதற்குள் ஒளிவட்டம் திரும்பி வந்துவிட்டது.

இனி இது கண்ணூறுதான் என்று அவர் முடிவு கட்டினார். எதிர்வீட்டுக்காரன் போன கிழமை காரைப் பார்த்து, "இன்னும் புதுசாட்டம் மின்னுது" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. விளக்கு அவன் சொல்வதற்கு முந்தியே எரிந்தது என்ற சின்ன இடைஞ்சலை அவர் பொருட்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் காரைக் கழுவி, வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது, கார் வந்த நாள் தொட்டு அவருடைய வழக்கம். வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில் பூசாரியார் காரின் மேல் தெளித்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பூசாரியார் வெளியேதான் தெளித்தார். சாமித்தம்பிதான் யோசித்தார்: தகரத்துக்கு மட்டும் காவல் போட்டால் எஞ்சினுக்கு யார் காவல்? ஆகவே அவர் பொனட்டைத் திறந்து உள்ளேயும் தெளிப்பார். கண்ணூறு என்று தெரிந்த அந்த வெள்ளி, மஞ்சள் தண்ணீரில் ஒரு கை உப்பையும் கரைத்து, வேப்பிலையை விட்டுவிட்டுச் செம்பாலேயே ஊற்றினார். அடுத்த வெள்ளியும் ஊற்றினார்.

அதற்குப் பிறகு கார் காலையில் இருமிக்கொண்டு எழும்பத் தொடங்கியது.

லைசன் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. கஜானி அன்றைக்கு முன் இருக்கையில் பகிடி ஏதும் விடாமல் வந்தாள்.

"மாமா, மத்த ஆக்கள் ஒரு வேன் கதைச்சு வச்சிருக்காங்க," என்றாள் இறங்கும்போது. "லைசன் இல்லாத கார்ல வந்து பொலிசு மறிச்சா அலுவலகத்துக்கு என்ன சொல்ற? நான்தான் திங்கள் வரைக்கும் பொறுங்க எண்டு சொல்லியிருக்கன்."

வந்தாறுமூலைப் பயணம் போனால் வீட்டுச் செலவு போகும். அது ஒரு பக்கம். வேன் முன்னால் போக, கார் முற்றத்தில் நிற்க, ஊர் தன்னை என்ன சொல்லிக் கூப்பிடும் என்பது மற்றப் பக்கம். எது கூடுதலாக உறுத்தியது என்று அவரையே கேட்டாலும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர்களை இறக்கிய கையோடு காத்தான்குடிக்கு விட்டார். அங்கே வயரிங் வேலை செய்கிற இப்றாஹிம், அவரை விடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். கறாஜில் இன்னும் இரண்டு பேர் டயரின் மேல் குந்தியிருந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சாமித்தம்பி போன உடனேயே டோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அண்ணன், டோச்ச கீழ பிடிங்க. என்ட முகத்துல பழுதில்ல."

இப்றாஹிமும் கருவியைக் கொழுவிப் பார்த்தார். "இது சென்சர் செத்துப் போச்செண்டு சொல்லல்ல. சென்சருக்குச் சூடு போகல்ல எண்டுதான் சொல்லுது. சென்சர் எண்டுறது சைலன்சர் குழாய்க்குள்ள இருக்கிற மூக்கு, அண்ணன். சூடானாத்தான் அதுக்கு மணக்கும். மணக்காட்டி எஞ்சின் கண்ணை மூடிக்கொண்டு பெற்றோல ஊத்தும். உங்கட காருக்குச் சளி."

பியூஸ் நன்றாக இருந்தது. கரண்ட் அளக்கிற மீற்றரை வைத்தால் சென்சர் வயரில் பன்னிரண்டு வோல்ட் காட்டியது. சாமித்தம்பிக்கு மகிழ்ச்சி. "அப்ப கரண்ட் வருதுதானே!"

"பொறுங்க." இப்றாஹிம் அதே வயரில் ஒரு சின்னப் பல்பைக் கொழுவினார். அது மின்மினி போலச் சிணுங்கியதோடு சரி. "மீற்றருக்கு ஒரு சொட்டுப் போதும். பல்பு உழைக்கிற சாமான், அதுக்கு நிறைய வேணும். வழியில எங்கயோ அடைப்பு இருக்கு."

வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது எஞ்சினுக்குப் பின்னால், முன் கண்ணாடியின் காலடியில் ஒரு சொக்கட்டுக்குள் நுழைந்தது. சொக்கட் இறுகிப்போய்க் கிடந்தது. எண்ணெய் விட்டு, ஆட்டி, ஒரு 'பிஸ்மி' சொல்லி இழுத்தார். வந்தது. உள்ளே பித்தளை ஊசிகளெல்லாம் பச்சையாய்க் களிம்பேறி, அதற்கு மேல் மஞ்சளாய் ஒரு சேறு அப்பியிருந்தது. இப்றாஹிம் அதைச் சுரண்டி விரலில் எடுத்து மணந்து, நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தை ஒரு மாதிரியும் வைத்துக்கொள்ளாமல் சொன்னார்:

"தண்ணி இறங்குது, அண்ணன். கண்ணாடிக்குக் கீழால ஓட்டை இருக்கோணும். கண்ணாடியக் கழட்டி, டாஷ்போட்டக் கழட்டித்தான் தேடலாம். கார விட்டுட்டுப் போங்க. ஒரு கிழமை, பத்து நாள் போகும்."

"பத்து நாளா? இந்த வயர மட்டும் இப்ப மாத்தித் தாங்களன்!"

"மாத்தலாம். தண்ணி நிக்காட்டி மறுகா இதே இடத்துல வந்து நிப்பீங்க. தண்ணி எங்கால வருதெண்டு தெரியாம நான் தொடமாட்டன்."

டயரின் மேல் இருந்த இருவரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். சாமித்தம்பிக்கு மஞ்சளைக் கண்டபோதே விளங்கிவிட்டது. சொன்னால் அசறுத் தொழுகைக்கு முன் காத்தான்குடி சிரிக்கும். அடுத்த சந்தைக்குக் களுவாஞ்சிக்குடி சிரிக்கும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வேன் வரும். வேட்டியின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு இப்றாஹிமின் கையைப் பிடித்துக் காரின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஓட்டை ஒண்டுமில்ல."

"அப்ப தண்ணி?"

"மேலால வாறது."

"மழையா?"

"மழையில்ல." சாமித்தம்பி நிலத்தைப் பார்த்தார். "நான்தான்."

"எத்தின நாளா?"

"வெள்ளிக்கு வெள்ளி. கார் வாங்கின காலத்துல இருந்து. கோயில் முறைக்கு... மஞ்சள் தண்ணி."

"உப்பும் கரிக்குதே?"

"அது லைட் எரிஞ்ச பிறகு. கண்ணூறுக்கு."

இப்றாஹிம் அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெடித்துக்கொண்டு வந்தது. காரின் டிக்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அல்லாஹ்வே! சளி பிடிச்ச புள்ளைய வெள்ளிக்கு வெள்ளி தலைக்கு வாத்திருக்காரு! அதுவும் உப்புத் தண்ணியில!"

"மெல்லமாச் சிரி தம்பி, அவனுகள் பாக்கானுகள்."

"எனக்கு மணந்தப்பவே தெரியும் அண்ணன். நீங்க வாயால சொல்லாட்டி நிப்பாட்ட மாட்டீங்க, அதான் கண்ணாடியக் கழட்டுற கதை சொன்னது."

சாமித்தம்பிக்குக் கோபப்படவும் வழியில்லை. கேட்டார்: "தெளிக்காம விடேலாது தம்பி. அம்மாள்ட காரியம். இனி என்ன செய்யிற?"

இப்போது இப்றாஹிம் சிரிக்கவில்லை. "விடச் சொல்லல்லயே. பொனட்ட மூடிப்போட்டுத் தெளிங்க. பாக்கிற அம்மாளுக்கு இந்தத் தகரம் ஒரு மறைப்பா?"

இத்தனை வருடத்தில் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்ற யோசனையில் சாமித்தம்பி டோச்சை அணைக்கவும் மறந்து நின்றார்.

இப்றாஹிம் களிம்பேறிய சொக்கட்டை வெட்டி எறிந்து, செம்பு பளிச்சென்று தெரியும்வரை வயரைச் சீவி, புதுச் சொக்கட் போட்டு ஈயம் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி உறை இட்டு இறுக்கினார். பல்பைக் கொழுவினார். அது கலியாண வீட்டு வெளிச்சமாய் எரிந்தது. எஞ்சினை ஓடவிட்டபோது அந்த மஞ்சள் விளக்கு அணைந்து, அணைந்தபடியே இருந்தது.

"பழைய சென்சரும் நல்லதாத்தான் இருந்திருக்கும்," என்றார் கையைத் துடைத்துக்கொண்டு. "பாவம், செய்யாத குத்தத்துக்கு இறக்கிப்போட்டீங்க."

அடுத்த நாள் புகைச் சோதனையில் அதே பெடியன் கம்பியை விட்டுப் பார்த்து, "பாஸ் ஐயா," என்றான். சாமித்தம்பி அதை இன்னொருதரம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது இலட்சுமிப்பிள்ளை, "நான் அப்பவே சொன்னன்," என்றாள்.

"எப்ப சொன்னாய்?"

"மனசுக்குள்ள."

திங்கட்கிழமை கஜானி கேட்டதற்கு, "கடற்காத்துத்தான் மகள், வயருக்குள்ள பூந்திட்டு," என்றார். அவள் நம்பினாளோ இல்லையோ, போனை எடுத்து வேன்காரனுக்கு வேண்டாம் என்று சொன்னாள்.

இப்போது லைசன் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. நாலு பேரும் அந்தக் காரில்தான் வந்தாறுமூலைக்குப் போய் வருகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் சாமித்தம்பி பொனட்டை மூடிவிட்டு, உப்பில்லாமல், வேப்பிலையால் மட்டும் தெளிக்கிறார்.