அண்ணாவின் கொப்பிகளில் இருந்தது என்ன

எங்கள் அண்ணா வடமராட்சியில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். இப்படியான நினைவு மலர்களில் "செல்வப் புதல்வராக அவதரித்தார்" என்று எழுதுவது வழக்கம். எங்கள் வீட்டில் செல்வம் இருக்கவில்லை, அண்ணாவுக்கும் அலங்கார வார்த்தைகள் பிடிக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அவருடைய கடைசித் தங்கை.

பள்ளிக்கூடக் காலத்தில் அண்ணாவுக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். ஆனால் அவருக்கு ஓடவும் வராது, பந்து பிடிக்கவும் வராது. அணியில் சேர்க்க மனமில்லாத மாஸ்டர், ஸ்கோர் எழுதும் கொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டார். ஒரு பந்து விடாமல் எழுதுவார். ஓட்டக் கணக்கில் சண்டை வந்தால் எதிர்ப் பள்ளிக்கூடத்தாரும் அண்ணாவின் கொப்பியைத்தான் வந்து பார்ப்பார்கள். அவர் எழுதியதை ஊரில் ஒருவரும் சந்தேகித்ததில்லை.

போர் வந்தது. எங்களைப் பெற்ற ஐயா இறந்தார். அண்ணா அகதியாகச் சுவிஸுக்கு வந்து, பாசலில் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவத் தொடங்கி, சலாட் வெட்டி, கடைசியில் சமையற்காரராக நின்றார். தம்பி தங்கைகள் நால்வரையும் ஒவ்வொருவராக வெளியே எடுத்தவர் அவர்தான். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இனி எழுதுவது பலருக்கு வேறு விதமாகத் தெரிந்த விடயம்.

அகதி முகாமில் இருந்த முதல் கோடையில், எங்காவது கிரிக்கெட் வர்ணனை கேட்குமா என்று அண்ணா ஒரு பழைய வானொலியைத் திருகிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் கிடைக்கவில்லை. மத்திய அலையில், ஜெர்மனியில் இருந்த அமெரிக்கப் படையினருக்கான நிலையம் ஒன்று அகப்பட்டது. அதில் பேஸ்போல் போய்க்கொண்டிருந்தது. ஒருவன் எறிகிறான், ஒருவன் அடிக்கிறான், அடித்துவிட்டு ஓடுகிறான். அண்ணாவுக்கு அது போதும். விதிகள் முழுவதையும் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார். ஸ்கோர் எழுதுவதற்கு ஒரு கொப்பியும் வாங்கினார்.

அமெரிக்காவில் ஞாயிறு மதியம் தொடங்கும் ஆட்டம் இங்கே மாலை ஏழு மணிக்கு வரும். பல்கனிக் கம்பியோடு ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கட்டடத்தில் சத்தம் போடக்கூடாது, அதனால் ஹெட்போன். பொழுது சாயும்போது வேறு நிலையங்கள் மேலே ஏறிவிடும். ஒரு கையால் ஹெட்போனை அமர்த்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுவார். பத்தொன்பது வயதில் நான் வந்து அவரோடு இருந்தபோது எனக்கும் எழுதப் பழக்கினார். ஒரே ஹெட்போனில் ஆளுக்கு ஒரு காது. நான் இந்த நாட்டில் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவை.

ஆனால் நம்மவர்களின் பிறந்தநாள், சாமத்தியவீடு, சங்கக் கூட்டம் எல்லாம் ஞாயிறு மாலையில்தானே. அண்ணா வருவார், ஆறு மணிக்கு ஜாக்கெட்டை எடுப்பார்.

"ஏன் அண்ணை இந்த அவசரம்?"

"வீட்டில ஒரு சின்ன அலுவல் இருக்கு."

பேஸ்போல் கேட்கப் போகிறேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கம் அவருடைய பிழை. மற்றப் பிழைகள் எங்களுடையவை.

எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். நம் வழக்கப்படி விசாரிக்க வந்தவர் மாப்பிள்ளையின் சித்தப்பா, அப்போது சங்கத்தில் முக்கியமானவர். அவர் பெயரை எழுதவில்லை, அவருக்கும் இந்த மலரில் ஒரு பிரதி போகிறது. இந்தப் பந்தியைப் படித்த என் கணவர் எடுத்துவிடச் சொன்னார். எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு மாலை சொல்லாமல் வந்தார். அண்ணா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குள் போனார். வந்தவர் பல்கனிக் கம்பியைப் பார்த்தார். ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தார், அமெரிக்க இராணுவச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது. சின்னச் சின்னக் கட்டங்கள், ஆங்கில எழுத்துகள், 6-4-3 என்று இலக்கங்கள். அடித்த பந்தை ஆறாம் இடத்தில் நின்றவர் எடுத்து நான்காம் இடத்துக்கு எறிய, அங்கிருந்து மூன்றாம் இடத்துக்குப் போய் இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள் என்பது அதன் பொருள். யாரை யார் காட்டிக்கொடுப்பார்கள் என்று சுவருக்கும் பயந்த காலம் அது. அவருக்கு அது வேறாகத் தெரிந்தது.

"பிள்ளை, இதென்ன? எங்கட ஆக்களின்ர வீட்டு நம்பரோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உன்ர அண்ணை ஆருக்கு இதை எழுதிக் குடுக்கிறவர்?"

அந்தப் பக்கத்தின் பாதி என் கையெழுத்து. பந்து விளையாட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவாரா, நம்பாவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமா என்று கணக்குப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது மாமா," என்றேன். "நான் அந்தக் கொப்பியளைத் தொடுறேல்லை."

அண்ணா நம்மவர்களைக் காட்டிக்கொடுக்கிறவர் என்ற கதை வீடு வீடாகப் பரவியது. என் கல்யாணம் நடந்தது. அண்ணா மேடைக்கு வராமல் இருந்தால் நல்லது என்று சொல்லியனுப்பினார்கள். என் கல்யாண அல்பத்தில் அண்ணா ஒரு படத்திலும் இல்லை. அவருக்குக் கூர் நகரில் பேசிக்கொண்டிருந்த சம்பந்தமும் விசாரித்த இடத்தில் முறிந்தது. தமிழ்க் கடைக்குள் அவர் நுழைந்தால் கதை நின்றுவிடும். ட்ராமில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் நிற்பார்.

"ஏனெண்டு உனக்குத் தெரியுமோ?" என்று அண்ணா என்னிடம் இரண்டு தரம் கேட்டார். "ஒண்டுமில்லை அண்ணா, உங்கட நினைப்பு," என்றேன். அவர் கல்யாணமே செய்யவில்லை. சமைத்தார், ஞாயிறுகளில் எழுதினார்.

போர் முடிந்தபின், பேசியவர்கள் பேசியதை மறந்தார்கள். யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. மத்திய அலையில் அந்த நிலையமும் நின்றுபோனது. என் மகள்தான் பெரியமாமாவுக்குத் தொலைபேசியில் ஓர் ஆட்டத்தைப் படமாகவே போட்டுக் காட்டினாள்.

"எடி, இவங்கள் மூலையில நிண்டெல்லே அடிக்கிறாங்கள்!" என்று அண்ணா கத்தினார். "நான் இவ்வளவு காலமும் கிரிக்கெட் மாதிரி நடுவில நிப்பாட்டி வைச்சிருந்தன்!" கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம்.

சென்ற வருடம் நோய் வந்தது. கடைசி வாரம், மருத்துவமனையில், நான் வாய் திறந்தேன். சித்தப்பா வந்த அன்று நான் என்ன சொன்னேன் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். தேத்தண்ணியோட கதவடியில நிண்டனான்."

"பிறகேன் அண்ணா என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீ சொல்லுவாய் எண்டுதான்."

பரவாயில்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். தலையணையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இறுதிக் கிரியையில் மண்டபம் நிறைந்திருந்தது. அந்தச் சித்தப்பா ஒலிவாங்கியைப் பிடித்து, அமரர் நேர்மையின் சின்னம் என்றார். நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அண்ணாவைத் தம் தகப்பனைப்போல் திருப்பிப் படுக்கவைத்த தாதியருக்கு நன்றி. வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் சூப் கொண்டுவந்த போர்த்துக்கேய நண்பருக்கு நன்றி, அண்ணா அதைத்தான் கடைசிவரை குடித்தார். செப்புக் கம்பியைக் கண்டும் காணாமல் விட்ட கட்டடப் பராமரிப்பாளருக்கு நன்றி. இவ்வளவு காலமும் நாலு ட்ராம் தரிப்பிடம் தாண்டி வராதவர்களும் வந்தீர்கள், இன்டர்லாக்கனில் இருந்தும் கூரில் இருந்தும் ரயிலேறியும் வந்தீர்கள். உங்களுக்கும் நன்றி, வேறென்ன சொல்ல.

இன்று முப்பத்தோராம் நாள் மதிய உணவு பரிமாறும் மண்டபத்தின் வாசல் மேசையில் அண்ணாவின் கொப்பிகள் அத்தனையும் இருக்கின்றன. சாப்பிடப் போகும் முன் எடுத்துப் பாருங்கள். அவற்றில் யாருடைய வீட்டு இலக்கமும் இல்லை. விளங்காவிட்டால் என்னைக் கேளுங்கள், எனக்கு எழுதவே தெரியும்.

ஆனால் ஒருவரும் என் கையைப் பிடித்து, "அந்தக் காலம் அப்பிடி, நீர் என்ன செய்யிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார். அவர் சொல்லவில்லை.