கிரேனில் ரெண்டு ஹாரன்

அன்று காலை ஷிப்டில் இரும்பு மில்லின் எங்கள் பக்கம் இருந்தவர்கள் மூன்றே பேர். கீழே நின்று கிரேனுக்குக் கைகாட்டுகிற முனுசாமி அண்ணன், சூப்பர்வைசர் தாமோதரன் சார், மேலே கிரேன் கேபினில் நான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி கிரேன் ஆபரேட்டர்களுக்கு ஒரு வழக்கம். கேபினில் ஏறினால் சாப்பாட்டு நேரம்வரை இறங்க மாட்டோம். அதற்காகக் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. வெளிக்கு வந்தாலும் அடக்கிக்கொள்வோம். எட்டாவதோடு நின்ற நான் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நம்பினேன். வயிறு கல்லாகி, ஒருநாள் வெளிக்குப் போகும்போது ரத்தம் வந்தது.

புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு கேஸ் புக் பண்ணவும் பேங்க் மெஷினில் பணம் எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்குச் சந்தேகம் வந்து, விஷயத்தைப் பிடுங்கி, பொன்னேரியில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

அந்தம்மா பரிசோதித்துவிட்டு மூலம், ஆரம்பநிலைதான் என்றார். ரத்தம் வந்தால் உடனே காட்ட வேண்டுமாம், நானே நோய்க்குப் பேர் வைக்கக் கூடாதாம். நிறையத் தண்ணீர், கீரை, பழம், படுக்கும்முன் தண்ணீரில் கலந்து, மலத்தை இளக்கும் இசப்கோல் உமி. முக்கக் கூடாது. வந்தால் அடக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் பேஜாரு. முனுசாமி அண்ணனிடம் மட்டும் சொல்லி ஒரு ஏற்பாடு செய்தேன். ரெண்டு ஹாரன் அடித்தால் இறங்குகிறேன் என்று அர்த்தம்.

அன்றுதான் முதல் தடவை. சுமையைக் கீழே வைத்துவிட்டு ரெண்டு ஹாரன் அடித்தேன். பிரேக் போய்விட்டதென்று நினைத்து சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாயா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல சார்," என்றார் அண்ணன். "அவனுக்கு வெளிக்கு வருது. எறங்கிக்கினு கீறான்."

ஏணியில் பாதியில் நின்றேன். வேலை நின்றால் மெமோ என்று சூப்பர்வைசர் கத்தினார். வேலையே போய்விடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அடக்கி அடக்கித்தான் சார் ரத்தம் வந்துச்சு."

அவர் குரல் இறங்கியது. "ரத்தமா? எரிச்சலு கீதா? ஒக்கார முடியுதா?"

அவர் எப்போதும் நின்றுகொண்டே ரிப்போர்ட் எழுதுவார். சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தோம்.

"மொதல்ல போய்ட்டு வா நைனா," என்றார்.

மறுவாரமே கிரேனுக்கு மாற்று ஆள் போட்டார். எல்லா கிரேனுக்கும் ரெண்டு ஹாரன் ரூல் ஆனது. அவரும் டாக்டரம்மாவைப் பார்த்தார். கேபின் ஏறும் தம்பிகளே, தண்ணீர் பாட்டிலோடு ஏறுங்கள், வந்தால் இறங்குங்கள்.

தாமோதரன் சார் இப்போது உட்கார்ந்துதான் எழுதுகிறார். மெடிக்கலில் கேட்க வெட்கப்பட்டு என்னை வாங்கி வரச் சொன்ன இசப்கோலுக்கு அவர் எனக்கு இன்னும் தர வேண்டியது நூற்று முப்பது ரூபாய்.