மூட்டை கட்டியதும் இடித்த மெஷின்

1. வாயைப் பிளந்த காய்

நான் போனை எடுத்ததும் ராசாத்தி நலம்கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, காய் பூரா வாயப் பொளந்துருச்சுக்கா. சொந்தக் காசுல வாங்குன காயப் போட்டுப் பாத்ததால தப்பிச்சேன். ஊர்க்காரங்க காயா இருந்தா என் கதி என்னக்கா?"

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

போடியில் ஏலக்காய் மெஷின் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் டிசைன் பார்க்கிறவள் நான். டிராயிங் போர்டில் பென்சிலோடு ஆரம்பித்து, இப்போது சிமுலேஷன் சாஃப்ட்வேரில் வந்து நிற்கிறேன். தகரத்தை வெட்டும் முன்பே மெஷினைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டி, ஓடும்போது எந்தப் பாகம் எதோடு இடிக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இடித்தால் அந்த இடம் திரையில் சிவப்பாகும். புத்தகத்தில் இதற்கு கொலிஷன் டிடெக்‌ஷன் என்று பெயர். எங்கள் பட்டறையில் 'இடி பாக்குறது'. "டீச்சரம்மா இடி பாத்தாச்சா?" என்று கேட்காமல் வெல்டர்கூடக் கையை வைக்க மாட்டார். எல்லோரையும் திருத்திக்கொண்டே இருப்பதால் எனக்கு வந்த பெயர் டீச்சரம்மா. அதில் எனக்குக் கோபமில்லை, உண்மைதானே.

ராசாத்தி பக்கத்து ஊரான சிலமலைக்காரி. கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போய்க்கொண்டிருந்தவள். சரிவில் ஏறி இறங்கியே முழங்கால் போய்விட்டது. வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை போட்டு, காயைப் பருமன்வாரியாகச் சலித்துப் பிரிக்கும் மெஷினை எங்களிடம் வாங்கினாள். சின்னத் தோட்டக்காரர்கள் உலர்ந்த காயைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பிளந்த காய் ஏலம் விடுகிற இடத்தில் தரம் இறங்கிவிடும். ஒருவர் காய் பிளந்தது என்று ஊரில் பேச்சு கிளம்பினால் அடுத்தவர் எட்டிப் பார்க்க மாட்டார். அப்புறம் அந்த முழங்காலோடு அவள் மறுபடி ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

பட்டறை முதலாளி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். "ஆத்தா, அழுகாத. நம்ம மிஷினு, நான் பாத்துக்கிர்றேன். வெரசா வர்றோம்" என்றார். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சரம்மா, உங்க சினிமாவுல ஒரு இடத்துலயும் செவக்கலையே?"

சிமுலேஷனை அவர் சினிமா என்றுதான் சொல்வார். எனக்குச் சுருக்கென்று வந்தது.

"சினிமா சரிதாண்ணே. நாமதான் அதுக்கு என்னத்தையோ காட்டாம விட்டுருக்கோம்" என்றேன்.

2. நாங்கள் போனதும் நல்ல பிள்ளையானது

என்னோடு சிமுலேஷன் பார்க்கும் ஜீவா வண்டியை ஓட்ட, மூவரும் சிலமலைக்குப் போனோம். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற பிள்ளை மாதிரி மெஷின் அமைதியாக ஓடியது. சல்லடைத் தட்டு முன்னும் பின்னும் ஆட, காய் முழுசாக வந்து விழுந்தது.

"நல்லாத்தானே ஓடுது? காய் ரொம்பக் காஞ்சிருக்கும் ஆத்தா, அதான் பொளந்திருக்கு" என்றார் முதலாளி.

ராசாத்திக்கு மூக்கு சிவந்துவிட்டது. "அண்ணே, கையில எடுத்தா காய்ஞ்ச பக்குவம் எனக்குத் தெரியாதா? இத்தன வருசம் என்ன பூப்பறிக்கவா போனேன்?"

அடுத்த வார்த்தை வருவதற்குள் அவள் புருஷன் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். நல்ல நேரத்தில் வந்த காப்பி. குடித்து முடிக்கும்போது மெஷின் சத்தம் மாறியது. டக், டக் என்று ஒரு தட்டல். ஓடிப்போய் ஒரு கை காயை அள்ளினேன். பாதிக்குப் பாதி பிளந்திருந்தது. நிறுத்தச் சொல்லி, காய் விழும் இடத்தில் நிரம்பிக்கொண்டிருந்த மூட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி ஓட்டினோம். தட்டல் இல்லை, காயும் முழுசாக வந்தது.

"பேய் புடிச்சிருக்குக்கா" என்றான் ஜீவா.

"வாய மூடு. மறுபடி மூட்டையக் கட்டு" என்றேன். கட்டி ஓட்டியதும் டக் டக் திரும்பி வந்தது.

காய் வெளியே விழும் தகர வாயிலேயே சாக்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். ஒற்றை ஆளாக நிற்கிறவர் சாக்கைப் பிடிப்பாரா, காயைக் கொட்டுவாரா? கட்டித் தொங்கவிட்டு, நிரம்ப நிரம்பத் தட்டிக் குலுக்கி, கழுத்து வரை அமுக்குவார்கள். பட்டறையில் டிரையல் பார்த்தபோது நாங்கள் தரையில் ஒரு அண்டாவை வைத்திருந்தோம். அண்டா வாயை இழுக்காது. மூட்டை இழுத்தது. வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ, உள்பக்க விளிம்பு மேலே எழுந்து, ஆடும் தட்டின் முன்நுனியான மூக்கில் இடித்தது. இடையில் அகப்பட்ட காய் நசுங்கியது.

என் ஊகம் அதுதான். ஊகத்தை நம்பி வெல்டிங் வைக்கக் கூடாது என்பதால் பட்டறைக்குத் திரும்பினோம்.

3. பார்க்காதே என்று சொன்ன ஜோடி

இதை இப்போது சிமுலேஷன் படிக்கிற பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும்.

எல்லாப் பாகத்தையும் எல்லாப் பாகத்தோடும் நுணுக்கமாக ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் முக்கிக்கொண்டு கிடக்கும். அதனால் சாஃப்ட்வேர் முதலில் ஒவ்வொரு பாகத்தையும் ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டதாக நினைத்துக்கொண்டு, பெட்டிகள் மோதுகின்றனவா என்று பார்க்கும். தட்டின் மூக்கு, காய் விழும் வாய்க்குள் கொஞ்சம் நுழைந்து நிற்கிற மாதிரிதான் எங்கள் டிசைன். வாய்க்கு உள்ளே வெற்றிடம் என்பது பெட்டிக்குத் தெரியாது. ஓட்டும்போதெல்லாம் அங்கே சிவப்பு. அது பொய்ச் சிவப்பு என்பதால் அந்த ஜோடியை மட்டும் பார்க்க வேண்டாம் என்று செட்டிங்கில் ஜீவா சொல்லிவைத்திருந்தான். எல்லாரும் செய்கிற காரியம்தான்.

"என்னாலதான்க்கா" என்று தலையைத் தொங்கப் போட்டான்.

"அப்புறமா அழு. மொதல்ல அத ஆன் பண்ணு."

அந்த ஜோடிக்கு மட்டும் பெட்டியை எடுத்துவிட்டு, தகரத்தின் நிஜமான வடிவத்தையே ஒப்பிடச் சொன்னோம். பொய்ச் சிவப்பு போய்விட்டது. பிறகு மூட்டையின் கனத்தை வாயில் தொங்கவிட்டு, கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். தட்டு ஆடியது, ஆடியது, ஒன்றுமில்லை. மூட்டை பாதியைத் தாண்டியதும், தட்டு முன்னுக்கு வந்து திரும்புகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. சத்தம் மாறிய அதே கட்டம்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அட! சினிமாவுல வில்லன் வந்துட்டானே" என்றார். உடனே தீர்ப்பும் சொன்னார். "இங்கே மூட்டை கட்டாதீர்னு பெரிசா எழுதி ஒட்டிருவோம்."

"ஒட்டுனா யாருண்ணே கேப்பா? நீங்களே கட்டுவீங்க."

"நான் ஏன் கட்டுறேன்?"

"தனியா நின்னு சலிச்சுப் பாருங்க, தெரியும். அவங்க கட்டுறதுதான் முறை. நாமதான் அதுக்குத் தோதா செய்யணும்."

"மிஷினு வித்தாச்சு, டீச்சரம்மா."

"ராசாத்திய மறுபடி ஜீப்புல ஏத்தவா வித்தீங்க?"

மனுஷன் விருட்டென்று எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், மூட்டையைத் தாங்கத் தோதான இரும்பு ஆங்கிள் கம்பியைத் தானே தேர்ந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுகிற ஆளுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பதால்தான் நான் இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறேன்.

மூட்டைக்குத் தனியாகத் தரையில் நிற்கும் ஒரு ஸ்டாண்டு வரைந்தோம். சாக்கை அதன் கொக்கியில் மாட்டலாம், கனம் வாய்க்குப் போகாது. கழுத்து வரை நிரம்பிய மூட்டையோடு மறுபடி இடி பார்த்தோம். சிவக்கவில்லை. அப்புறம்தான் வெல்டரைக் கூப்பிட்டோம்.

4. ராசாத்தி செய்த போன்

ஊர்க்காரர்கள் காய் வருவதற்கு முன்தினம் ஸ்டாண்டைக் கொண்டுபோய் நிறுத்தினோம். மிச்சமிருந்த தன் காயை எடுத்துக் கொட்டினாள் ராசாத்தி. இதுவும் பிளந்தால் அவளிடம் வேறு காய் கிடையாது. சாக்கு நிரம்பியது. அவள் வழக்கம்போலத் தட்டினாள், குலுக்கினாள், அமுக்கினாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தட்டல் வரவில்லை.

ஆனாலும் சத்தத்தை வைத்து அவள் நம்புவாளா? மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் தோள்வரை சாக்குக்குள் விட்டு அடிக்காயை அள்ளினாள். நடுவிலும் மேலேயும் அள்ளினாள். முறத்தில் பரப்பி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். முதலாளியும் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு புரட்டினார்.

"ஆத்தா, ஒண்ணுகூட இல்ல" என்றார் அவர்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். 'இந்த ஜோடியைப் பார்க்காதே' என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லுங்கள், தப்பில்லை. சொல்லிவிட்டு, மெஷின் நிற்கப்போகிற கொட்டகைக்கு ஒருதரம் போய், அந்த ஜோடியை உங்கள் கண்ணால் பாருங்கள். மெஷினில் எதைக் கட்டுவார்கள், எதைத் தொங்கவிடுவார்கள் என்பது டிராயிங்கில் இருக்காது.

ராசாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சொந்தக்காரர் யாருக்காவது சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மெஷின் வாங்கிய பிறகும் அவள் ஜீப்பில் தன் இடத்தை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

"டிரைவரண்ணே, சிலமலை ராசாத்தி பேசுறேன். நாளையிலேர்ந்து என் எடத்துல வேற ஆள ஏத்திக்கங்க" என்றாள்.