நாலாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு ட்ரெயினர்

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனபோது என் இடது கன்னம் வலது கன்னத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. "வீட்டுல ஏதும் பிரச்சினையா, மாஸ்டர்?" என்று அதிபர் ரகசியமாகக் கேட்டார். வீட்டில் ஒன்றுமில்லை... எல்லாம் பிளேனால் வந்த வினை!

கட்டாரில் வேலை செய்யும் மச்சானிடம் ரிமோட்டில் பறக்கும் பிளேன் ஒன்று கேட்டிருந்தேன். நான் கேட்டது ஃபைட்டர். அவன் கொண்டுவந்தது பழகுகிறவர்களுக்கான ட்ரெயினர் — உடம்புக்கு மேலே அகலமான இறக்கை, பார்க்க வெகு சாது.

"ஸ்டிக்க விட்டா தானா நிமிர்ந்துக்கும் மச்சான். மொத பிளேன் எப்படியும் ஒடையத்தான் போகுது. ஃபைட்டர அப்புறம் பாப்போம்" என்றான். என்மேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

நல்ல வேளை, யுத்தம் நின்றிருந்த சமாதானப் பேச்சுக் காலம். பறக்கவிட அனுமதி கேட்டதற்குப் பொலிஸ் மாத்தயாவும் "கமக் நே, மாஸ்டர்", பரவாயில்லை என்று சிரித்தார். ஆனால் எங்கே பறக்கவிடுவது? புளத்கொகுபிட்டியப் பக்கம் சமதரைக்கு எங்கே போக? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருப்பது ஒரே ஓர் இடம். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம்.

முதல் நாள் பிளேன் ஜோராக ஏறியது. நாலாம் நம்பர் மலைக்கு மேலே ங்ங்ங்... என்று ஒரு வட்டம். அவ்வளவுதான்! "குளவி! குளவி!" என்று கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பதறிப்போய் ஸ்டிக்கை விட்டேன். ட்ரெயினர் தானே நிமிர்ந்து, தேயிலைச் செடிகள்மேல் மெத்தையில் இறங்குவதுபோல இறங்கியது. ஒரு கீறல் இல்லை.

ஆனால் ஓடியவர்களில் ஒருவரான பாக்கியம் அக்கா மூச்சிரைக்க என் முன்னால் வந்து நின்றார். "உசுரே போயிருச்சு, மாஸ்டர்! இனி விடுறதுன்னா காலையில பிரட்டுல சொல்லிட்டு விடுங்க. இல்ல, தொரைகிட்ட சொல்லி நிப்பாட்டிருவோம்!"

கடந்த சனிக்கிழமை ஒழுங்காகப் பிரட்டில் சொன்னேன். பத்து மணிக்கு எஞ்சினோடு மல்லுக்கட்டினேன். கிளம்ப மறுத்தது. அப்போது மேலே ங்ங்ங்...

நிமிர்ந்து பார்த்தேன். பிளேன் என் கையில். அப்படியானால்?

"குளவி! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே மலையேறினேன். யாரும் அசையவில்லை. "மாஸ்டர் ஆரம்பிச்சிட்டாரு" என்று சிரித்தபடி கொழுந்து பறித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் பிளேனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன்.

பாக்கியம் அக்காவின் சிரிப்பு நின்றது. "அடியேய், பிளேன் அவரு கையில இருக்குடி! ஓடுங்க!"

எல்லோரும் தப்பினார்கள். கொட்டு வாங்கியது நான் மட்டும். கன்னத்தில் இரண்டு.

மாலையில் அக்கா கொழுந்துக் கூடையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே நான் போட்டுவிட்டு ஓடிய ட்ரெயினர், இறக்கை இரண்டாக. "ஒட்டிருங்க மாஸ்டர். அடுத்த வாட்டி பிரட்டுல நாங்களே சொல்லிர்றோம்."

முதல் பிளேன் உடையும் என்று மச்சான் சரியாகத்தான் சொன்னான். பறக்கவிடாத அன்றைக்குத்தான் உடையும் என்று சொல்லவில்லை!