தலைக்கட்டு வரி

கதவு தட்டும் சத்தம் கேட்டால் எனக்குப் பயம். கூரியர்காரரோ தண்ணீர் கேன்காரரோ, யாராக இருந்தாலும் சரி. கீழ்க்கட்டளைக்குக் குடிவந்து ஐந்து வருடமாகியும் இந்தப் பயம் விடவில்லை.

நான் மலேசியாவில் பிறந்தவள். என் பூட்டன் கப்பலேறியது இந்தச் சீமையிலிருந்துதான் என்பார்கள். அதை நிரூபிக்க எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆக, தாம்பரத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட வகையில் மட்டுமே எனக்கு இங்கே இடம். விசாவை நீட்டித்து நீட்டித்து அலுத்துப்போய், காலம் முழுக்கத் தங்க அனுமதிக்கும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்தோம். அது தள்ளுபடியானால் விசாவையும் இனி நீட்டிப்பார்களா என்பது சந்தேகம். மகளுக்கு இந்திய பாஸ்போர்ட், எல்கேஜி படிக்கிறாள். நான் விமானம் ஏறினால் அவள் யாரோடு இருப்பாள் என்ற கேள்வி சோறு பிசையும்போதுகூட வந்து நிற்கும்.

விண்ணப்பம் போட்ட பிறகு போலீஸ் நேரில் வந்து விசாரிக்கும் என்றார்கள். சிறுசேரியில் வேலை பார்க்கும் என் கணவருக்கு எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால்தான் தூக்கம் வரும். கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனரிடம் போய், “அங்கிள், இவளப் பத்திக் கேப்பாங்க. கொஞ்சம் நல்லபடியா சொல்லுங்க” என்று சொல்லி வைத்தார்.

“இத்த நீ வந்து சொல்லணுமாப்பா?” என்றார் அங்கிள்.

அவர் இந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தில் இப்போது அவருடைய வாடகை வீடுகள் நிற்கின்றன. ஊர் அம்மன் கோயில் வரவுசெலவும் அவர் பொறுப்புதான். ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குப் பூர்வீகக் குடும்பங்களிடம் மட்டும் தலைக்கட்டு வரி வாங்குவார்கள். குடித்தனக்காரர்கள் நன்கொடை தரலாம், வரி தர முடியாது. வரி கொடுக்கிற குடும்பம்தான் ஊரில் சேர்த்தி. எங்கள் மகள் பிறந்த வருடம் அவர் மாடியேறி வந்து, “இந்த வூட்ல கொயந்த பொறந்துக்கீது. இனிமே நீங்களும் ஒரு தலைக்கட்டு” என்று வரி கேட்டார். நாங்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். “கர்த்தர்கிட்ட அப்புறமா பேசிக்கலாம்” என்று என் காதில் சொல்லிவிட்டுக் கணவர் கொடுத்தார்.

போலீஸ் வந்த மதியம் நான் மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அங்கிள் கேட்டருகே மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தார்.

“போலீஸ் வந்துச்சும்மா. நான் பாத்துகினேன்.”

“என்ன கேட்டாங்க அங்கிள்?”

“இந்த வூட்ல வெளிநாட்டுப் பொம்பள யாருனா கீதான்னு கேட்டான். அப்டிலாம் யாரும் இல்ல, மேல இருக்கிறது எங்க ஊர்ப் பொண்ணு, தலைக்கட்டுல கீதுன்னு சொன்னேன். எயுதிகினு, என் கையெயுத்து வாங்கிகினு பூட்டான்.”

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த முகவரியில் வெளிநாட்டவர் யாரும் இல்லை என்று அறிக்கை போனால் விண்ணப்பத்தின் கதை அத்தோடு முடிந்தது. நல்லது செய்யப் போன மனிதரிடம் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் கோபம் வந்தது, நிறையவே வந்தது. “நான் வெளிநாட்டுக்காரிதான் அங்கிள். அதை நீங்க சொன்னாத்தான் என்னை இங்க இருக்க விடுவாங்க” என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. ஊர்க்காரி என்றால் துரத்துவார்கள், வெளிநாட்டுக்காரி என்றால் இருக்க விடுவார்களா? “இன்னாமா சட்டம் இது” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று நான் மகளுக்குத் தலைவாரிவிட்டபோது வகிடு கோணலாக விழுந்தது.

மறுநாள் காலையில் அங்கிளே ஸ்டேஷனுக்குப் போக ஸ்கூட்டரை வெளியே எடுத்து வைத்திருந்தார். கணவர் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார்.

காவல் நிலையத்தில் முந்தின நாள் வந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு அங்கிளைப் பார்த்தார்.

“நேத்து உங்க ஊருன்னு சொன்னீங்களே பெரியவரே?”

அங்கிள் கோயிலைச் சொன்னார், குழந்தை பிறந்ததைச் சொன்னார், வரியைச் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை, முழுதும் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் கோயில்ல வச்சுக்குங்க. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். இவங்க உள்ளூரா, வெளிநாடா?”

அங்கிள் என் பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிப் பழக்கமில்லாதவர். என் கணவர் அவர் தோளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன். இரண்டும் ஒன்றாக எப்படி வந்தன என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“வெளிநாடுதான்” என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல்.

அதிகாரி புதிதாக எழுதி வாசித்துக் காட்டினார். இவர் அந்நிய நாட்டவர், மேற்படி முகவரியில் கணவருடன் குடியிருந்து வருகிறார். அங்கிள் கையெழுத்துப் போட்டார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அழுகைதான் வந்தது.

அதன் பிறகு அவர் என்னிடம் பேசுவது குறைந்துபோனது. தண்ணீர் மோட்டார் போடச் சொல்வதைக்கூட மனைவியை விட்டுச் சொன்னார். வீதியில் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்தபடி நடந்தார். அட்டையும் வரவில்லை. தினமும் கணினியில் விண்ணப்ப நிலையைத் திறந்து பார்ப்பேன், பரிசீலனையில் என்றே இருக்கும். இந்த வருடம் வரி கேட்டு வரமாட்டார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஆடி பிறந்த அன்று காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது. வழக்கம்போலப் பயந்தேன். போலீஸாக இருக்கலாம், தள்ளுபடி என்று சொல்ல வந்தவராக இருக்கலாம். மகளைப் பின்னால் நிறுத்திவிட்டுத் திறந்தேன்.

நெற்றி நிறைய விபூதியோடு அங்கிள் நின்றிருந்தார். மாடியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

“தலைக்கட்டு வரிம்மா. உங்க வூட்லதான் ஆரம்பிக்கிறேன்.”