லயத்துக் கலர்

போன வெள்ளிக்கிழமை ஒரு பெண்மணி என் வீட்டுச் சுவரை அவமானப்படுத்திவிட்டார். சுவரைத்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

மாத்தளை டவுனில் எனக்கொரு பழைய வீடு இருக்கிறது. வாடகைக்கு விடும் வீடு. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அதன் பின்னறையைக் கொளுத்தினார்கள். குடியிருந்த குடும்பம் போனது போனதுதான். கரி தெரியாமல் கிரீம் கலர் எண்ணெய்ப் பெயின்ட் அடித்துப் பூட்டிவைத்தேன்.

இந்த வருஷம் திறந்து பார்த்தால்... பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. விரல் பட்டதும் உரிந்து விழுந்தது. அடியில் அதே கரி. களிமண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர் — ஈரம் வெளியேற வழி வேண்டாமா?

"வித்துட்டு வந்துரு அக்கா" என்கிறான் திருச்சிக்குப் போய்விட்ட தம்பி. வீட்டுத் தரகர் செல்வமும் வாங்க ஆளை வைத்துக்கொண்டு அலைகிறார். தை பிறப்பதற்குள் யாரும் குடிவராவிட்டால் விற்பதாகத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் மனமில்லை. நான் ஏன் விற்க வேண்டும்? கொளுத்தியவர்கள் யாரும் ஊரை விட்டுப் போகவில்லையே.

பெயின்ட் பாஸ் நசீர் நானாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் கைவேலை தெரிந்தவர்கள் எல்லோரும் 'பாஸ்'தான்; முஸ்லிம் அண்ணன்மார் எல்லோரும் 'நானா'. கரிபிடித்த பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் புதுப் பூச்சு. அதன்மேல், வீடு முழுக்கவே, சுண்ணாம்பு வெள்ளை — துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்து.

"சுண்ணாம்பா? கை வெந்துபோகும் டீச்சர். டிஸ்டெம்பர்னா ஒரே நாள்ல முடிச்சிருவேன்" என்று முனகினார் நானா. முனகிக்கொண்டே அடித்தார். சிவப்பு சிமெந்துத் தரை என் பங்கு. பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்ததில் முழங்கால் வீங்கியது.

சுவர் காய்ந்ததும், போன வெள்ளிக்கிழமை செல்வம், வாடகைக்கு வீடு தேடிய ஒரு வங்கி அதிகாரியின் மனைவியைக் கூட்டிவந்தார். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னங்க இது... லயத்துக் கலரா இருக்கு."

உள்ளே வரவேயில்லை. அவர் போனபின் செல்வம் குரலைத் தாழ்த்தினார்.

"நாடு இருக்கிற இருப்புல, தோட்டத்து ஆளுங்கன்னு சுவத்துலயே எழுதி வைக்கணுமா டீச்சர்? கிரீம் அடிச்சிருங்க. இல்லாட்டி வித்துருங்க."

நான் பிறந்தது எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்று எங்களுடையது. தீபாவளிக்கு முன்னால், கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அம்மா இந்த நீலத்தைத்தான் அடிப்பார். எங்கள் வீட்டிலிருந்த ஒரே அலங்காரம் அதுதான். அதைப் பார்த்து முகம் சுளிக்க இவர்கள் யார்? ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது.

எழுதி வைக்கணுமா என்றாரல்லவா? வைத்தேன். மறுநாளே வாசலில் போர்டு தொங்கியது, தமிழிலும் சிங்களத்திலும்: "லயத்துக் கலர் வீடு. வாடகைக்கு."

ஞாயிற்றுக்கிழமை நான் தரை தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் வந்து நின்றார்கள். பெண் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை.

"போற எடமெல்லாம் எந்த ஊருன்னு கேக்குறாங்க டீச்சர். தோட்டம்னு சொன்னதும் வீடு இல்லேன்னுர்றாங்க. போர்டப் பாத்தோம்... இங்க அதக் கேக்க மாட்டீங்கன்னு வந்தோம்."

கேட்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்தேன். அந்த அம்மா சுவரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வீடு விற்பனைக்கில்லை என்று தம்பிக்கும் சொல்லியாகிவிட்டது.

"அதான் ஆள் வந்தாச்சே, போர்டக் கழட்டலையா?" என்கிறார் நசீர் நானா.

செல்வம் தினமும் அந்த வழியாகத்தான் போகிறார்... தொங்கட்டும்.