ஒரே பெஞ்சு, இரண்டு பெட்டி

தேனாம்பேட்டையில் ஒரு செய்திச் சேனலில் வேலை பார்க்கிறேன். முகம் தெரிகிற வேலை கிடையாது. யார் பேசியதை எங்கே வெட்டுவது, திரைக்குக் கீழே என்ன எழுத்து ஓடுவது என்று முடிவு செய்கிற மேசை. முன்பெல்லாம் யாராவது கேட்டால் "மீடியால இருக்கேன்" என்று கொஞ்சம் தலையைத் தூக்கித்தான் சொல்வேன். இப்போது ஆபீஸ் வேலைதான் என்று வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, உங்க பையன் என்ன படிக்கிறான் என்று பேச்சை மாற்றிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் அப்பாவும் இருக்கிறோம். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனதற்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது ஒரே ஒரு ஆளிடம்தான். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு ஆழ்வார்பேட்டை. கடைத்தெருவே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், அப்பாவும் அப்படியே கூப்பிடுவார். அவருக்கு அப்பா 'சார்வாள்'. வாத்தியார்களை அவர் ஊரில் அப்படித்தான் அழைப்பார்களாம்.

அரசியலில் இவர் கிழக்கு என்றால் அவர் மேற்கு. காலையில் லஸ் பக்கத்துப் பூங்காவில் நடந்து முடித்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்றால், இவர் கட்சியை அவரும் அவர் கட்சியை இவரும் கிழித்துத் தோரணம் கட்டுவார்கள். அப்புறம் சேர்ந்து போய்க் காபி. ஒருநாள் அண்ணாச்சி வராவிட்டால் வீட்டில் எனக்குத்தான் அர்ச்சனை விழும். ரசத்தில் உப்பு இல்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம்.

அண்ணாச்சி பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவருக்கு அண்ணன் தம்பி என்று யாரும் இல்லை. மண்டப வாசலில் தன்னோடு நின்று மாப்பிள்ளையை வரவேற்க வேண்டும் என்று அப்பாவைக் கேட்டிருந்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கென்று ஜரிகைக் கரை வேட்டி ஒன்று வாங்கி, பால் போட வருகிறவர் வரைக்கும் எடுத்துக் காட்டினார். நான்கூடக் கிண்டல் பண்ணினேன், மாப்பிள்ளையே இவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார் என்று.

அந்த நேரத்தில்தான் தேர்தல். எங்கள் சேனலில் மக்கள் கருத்து நிகழ்ச்சிக்கு ஒரு மயிலாப்பூர் முகமும், அதற்கு நேர் எதிராக ஒரு தி.நகர் கடைக்காரர் முகமும் வேண்டும் என்றார்கள். நேர் எதிர் என்று யார் சொன்னது? நாங்களேதான், டீ குடித்துக்கொண்டே. இரண்டு பேரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், ஊரெல்லாம் அலைய வேண்டாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் நிருபரையும் கேமராமேனையும் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். என்னே சாமர்த்தியம்.

கேமராவைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. நிருபர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கேட்காததற்கும் சொன்னார்கள். எங்க ஆளுங்க ஜெயிச்சு வந்தா இவங்களையெல்லாம் ஒரு ஓரமா உட்கார வச்சிருவோம் என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே அப்பாவின் தோளில் கையைப் போட்டு, இடுப்பால் இடித்துப் பெஞ்சின் ஓரத்துக்கு அவரைத் தள்ளினார். அப்பா விழாமல் பிடித்துக்கொண்டு, சிரித்தபடியே, இவாளுக்கு ஓட்டும் ஒரு வியாபாரம்தான், எவன் வந்தாலும் கடையைத் திறந்து உட்கார்ந்துடுவா என்றார். அண்ணாச்சி அவர் தோளிலிருந்து கையை எடுக்காமலே, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நின்று சிரித்தார்கள்.

மதியம் எடிட் அறையில் உட்கார்ந்தோம். சிரிப்பு எங்களுக்கு வேண்டாம், நேரமும் கம்மி. 'இவங்களையெல்லாம் ஒரு ஓரமா உட்கார வச்சிருவோம்' என்பதோடு அண்ணாச்சியை வெட்டினோம். 'இவாளுக்கு ஓட்டும் ஒரு வியாபாரம்தான்' என்பதோடு அப்பாவை வெட்டினோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பிரித்து இரண்டு பெட்டியில் போட்டு, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், நடுவில் ஒரு மின்னல் கோடு. கீழே 'மோதும் மயிலாப்பூர், தி.நகர்' என்று நானே எழுதினேன். அப்பாவின் பெட்டியில் அவர் தோள்மேல் மோதிரம் போட்ட கை ஒன்று தெரிந்தது. எடிட்டர் நல்ல பிள்ளை. "கை தெரியுது மேடம், பரவால்லியா?" என்று கேட்டான். கொஞ்சம் ஜூம் பண்ணிடு என்றேன். பண்ணினான். கை போய்விட்டது.

முதல் தடவை ஒளிபரப்பானபோது அப்பா சிரித்தார். என்னடி, என்னை ரவுடி மாதிரி காட்டியிருக்கே என்றார். ஆனால் அது ஒரு தடவையோடு போகிற சமாச்சாரம் இல்லையே. ராத்திரி விவாதத்தில் அதைப் போட்டார்கள். காலையில் போட்டார்கள். போன்களில் சுற்றியது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி டெல்லியிலிருந்து கூப்பிட்டு, நம்மை ஓரமா உட்கார வைப்பானாமா அந்தக் கடைக்காரன் என்று கத்தினார். அண்ணாச்சியின் சொந்தக்காரர்களும் அவரை அப்படித்தான் கிளறியிருக்க வேண்டும். கீழே வந்த கருத்துகளை நான் படித்தேன். படித்திருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் காறித் துப்பியிருந்தார்கள். ஆபீசில் எல்லோரும் கைகொடுத்தார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் போனதும் அப்பாவின் பேச்சு மாறியது. "அங்க சிரிச்சுண்டேதான் சொன்னான். ஆனா மனசுல இல்லாமலா வாயில வரும்?" என்று சாப்பிடும்போது தானாகச் சொன்னார். நான் அப்போது சொல்லியிருக்கலாம். அப்பா, நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாய், உன் தோளில் அவர் கை இருந்தது, அதை வெட்டியது உன் பெண்தான் என்று. மோரை ஊற்றிவிட்டு எழுந்து போனேன். மறுநாள் அப்பா பூங்காவுக்குப் போகாமல் மொட்டைமாடியில் நடந்தார். அண்ணாச்சியும் பூங்காப் பக்கம் வருவதில்லை என்று பிறகு தெரிந்தது. அவர் வரவில்லை என்று இவரும், இவர் வரவில்லை என்று அவரும்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பத்திரிகை வந்தது. பத்திரிகை வைப்பது என்றால் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே வழக்கம்தான். வீட்டுக்கு நேரில் வந்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூவோடு வைத்து, குடும்பத்தோடு வரணும் என்று வாயால் கூப்பிட வேண்டும். இதுவோ அண்ணாச்சியின் மகன் வந்து கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனது. மாடியேறக்கூட இல்லை. வாட்ச்மேன் அதைக் கரண்ட் பில்லோடு சேர்த்து நீட்டினார். அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு வந்ததே கோபம். பார்த்தியாப்பா, வராதேன்னு சொல்றதுக்கு இதைவிட மரியாதையான வழி இருக்கா என்று கேட்டேன்.

கல்யாணம் கொட்டிவாக்கத்தில் ஒரு மண்டபத்தில். அன்றைக்கு நான் எழுந்து வந்து பார்த்தால் அப்பா குளித்து, ஜரிகை வேட்டி கட்டி, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். டாக்சிக்குச் சொல்லு என்றார். எனக்குத் திக்கென்றது. நான் தினமும் பார்ப்பது என்ன? எங்கேயோ ஒரு கோவில் வாசலில் அடிதடி, எங்கேயோ ஒரு கல்யாண வீட்டில் கட்சிக் கலாட்டா, யாரோ ஒரு பெரியவரைச் சுற்றி நின்று திட்டுகிற வீடியோ. நாள் முழுக்க அதையே பொறுக்கி எடுத்து அடுக்குகிறவளுக்கு ஊரே அப்படித்தான் தெரியும்.

"போக வேண்டாம்ப்பா. அங்க வர்றவா எல்லாம் உன்னை டிவில பார்த்திருப்பா. யாராவது ஏதாவது சொல்லி, அதை எவனாவது போன்ல எடுத்துப் போட்டான்னா? தினமும் இதைத்தானே பார்த்துண்டிருக்கேன். முன்ன மாதிரி இல்ல இப்ப யாரும்."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய் வேட்டியை அவிழ்த்து, கடையில் மடித்துக் கொடுத்த அதே மடிப்பில் மடித்து பீரோவில் வைத்தார். அன்றைக்கு முழுவதும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சேனல்தான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போயிருக்கும். குக்கர் காஸ்கெட் தேய்ந்து விசிலே வரவில்லை. எப்போதும் அண்ணாச்சி கடையில்தான் வாங்குவது, அந்தப் பழைய குக்கருக்கு வேறெங்கும் கிடைக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தி.நகருக்குப் போனேன். இருந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஸ்டூலைத் துடைத்துப் போடச் சொல்லி, காபி வாங்கி வர ஆள் அனுப்பினார். கல்யாணம் நன்றாக நடந்ததா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். நடந்தது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார்வாளுக்கு இன்னும் எம் மேல கோவம் போகலையாம்மா?"

கோபம் உங்களுக்குத்தானே அண்ணாச்சி, பத்திரிகையைக்கூட வாட்ச்மேனிடம்தானே கொடுத்தீர்கள் என்றேன். இதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரேதான் வந்திருக்கிறார், மனைவியோடும் மகனோடும். காரில் தட்டு, பழம், பூ, அப்பாவுக்கென்று ஒரு பட்டு அங்கவஸ்திரம் எல்லாம் இருந்ததாம். எங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"மாடியேறக் கால் வரலம்மா. உள்ள வராதன்னு சார்வாள் சொல்லிட்டா நான் என்ன செய்வேன்? உங்க ஆளுகளுக்கு எங்களைக் கண்டாலே ஆகலன்னு தெனமும் டிவில காட்டுதாங்கள்லா. பயந்துபோய்ப் பயகிட்டக் கொடுத்தனுப்பிட்டேன். சார்வாள் மனசு கேக்காம எப்படியும் வந்துருவாகன்னு நெனச்சேன். மாப்பிள்ளை வந்து எறங்கின பொறவும் நான் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கேன். நேரமாகுதுன்னு எல்லாரும் சத்தம் போட்டாங்க."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டு சொன்னதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களே, அது ஞாபகம் இல்லையா?

"இருந்துச்சும்மா. டிவில திரும்பத் திரும்பப் பாத்ததுல சிரிச்சது மறந்துட்டு."

காபி வந்தது. குடித்தேன். அதை நான் வெட்டினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. நான் சேனலில் வேலை பார்ப்பது அவருக்குத் தெரியும், அன்றைக்குப் பூங்காவுக்கு நான்தான் ஆளைக் கூட்டி வந்தேன் என்றும் தெரியும். ஆனாலும் அவர் மனதில் என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. சார்வாள் பெண் அப்படிச் செய்யுமா என்ன? காஸ்கெட்டைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். பாண்டி பஜார் முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். தெருமுனையில் நின்ற கார், அங்கவஸ்திரம், ரோட்டைப் பார்த்து நின்றது, எடிட் அறை, ஜூம் பண்ணச் சொன்னது, தோளிலிருந்த கை. ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நாளைக்கே கடைக்குப் போகலாம்ப்பா, நானும் வருகிறேன், அவரிடமும் நானே சொல்கிறேன் என்றேன். போகலாம் என்றார். பெண் புக்காத்துக்குப் போயாச்சு, இனிமேல் யாரை வாசலில் நின்று வரவேற்பது என்றும் சொன்னார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நான் கிளம்பிட்டேனோல்லியோ? பத்திரிகை எப்படி வந்தா என்ன, நேர்ல போய் நின்னா கட்டிண்டு அழுதுடுவான்னு எனக்குத் தோணித்து. நீ வேண்டாம்னே. செய்தி ஆபீஸ்ல இருக்கற பொண்ணு, ஊர்ல யார் எப்படின்னு நம்மளவிட இவளுக்குத்தானே தெரியும்னு நினைச்சேன்."